சுகுமார் ராய்

குழந்தைகளுக்கு நூல் எழுதுவோர் சிலர். அந்நூல்களுக்குப் படம் வரைவோர் வேறு சிலர். இவ்விரண்டையும் தாமே செய்ததோடு, படங்களை அச்சேற்றும் நுட்பத்தையும் முறையாகக் கற்றவர் வங்காளத்துச் சுகுமார் ராய். அவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார்.

தந்தையார் உபேந்திர கிசோர் ராய் சௌதுரியும் குழந்தை எழுத்தாளரே. அவர் சிறுவர்க்கென எழுதிய இராமாயணத்தில், அவர் வரைந்த ஓவியங்கள் மரக்கட்டை அச்சில் உருச்சிதைந்து வெளிவந்தன. அதனால் வருந்திய அவர் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வருவித்து, பிளாக் செய்யும் கலையைத் தாமே ஆராய்ந்து கற்று, தொழிலகம் ஒன்றையும் நிறுவினார்.

சுகுமார் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். 1911இல் இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை கற்று, 1913இல் மீண்டார். அவ்வாண்டிலேதான் தந்தையார் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கியிருந்தார். வங்க மொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும். ஓர் இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். வடமொழியில் தூது நூலைச் சந்தேச காவியம் என வழங்குவதும் இச்சொல்லாலேயே. 1915இல் தந்தையார் மறையவே, இதழும் அச்சகமும் சுகுமாரின் பொறுப்பாயின.

அவர் இதழுக்குக் கதையும் பாட்டும் அறிவியற் கட்டுரையும் எழுதினார், படங்களும் வரைந்தார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஓருடலாய் இணைந்த விந்தை உயிர் ஒரு பாட்டில் உலவும். யானையும் திமிங்கிலமும் கலந்த உயிரும் அங்கே உண்டு. ஒரு கதையிலோ கைக்குட்டை பூனையாகிச் சிறுவனோடு வழக்காடும். இவை பொருளற்ற பிதற்றல் அல்லவோ என்று மாணவர் ஐயுறலாம். பொருள் கட்டவிழ்ந்து ஓடினும், ஓசை ஓரிடத்தும் தளராது என்பர் வங்கமொழி வல்லார். அவ்வாறு பிதற்றுதல் எளிதன்று.

1921இல் அவருக்கு மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே காலா ஆசார் என்னும் கொடுங்காய்ச்சல் அவரைப் பற்றியது. அந்நோய்க்குரிய மருந்து அப்போது பரவலாக வழக்கத்திற்கு வந்திலது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நோயில் தளர்ந்திருந்தும் அவர் கைகள் ஓயவில்லை. சிரிப்பூட்டும் பாட்டுகளைத் தொகுத்து, ‘ஆபோல் தாபோல்’ என்னும் நூலுக்குப் படங்கள் வரைந்து, பக்க அமைப்பையும் படுக்கையிலிருந்தே ஒழுங்கு செய்தார். தம் முடிவு அணுகுவதை அவர் அறிந்தே இருந்தார். தாகூர் அவரைக் காண வந்து, அவர் விரும்பியவாறு பாடினார்.

1923ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், முப்பத்தாறு வயது நிறையுமுன்னரே சுகுமார் மறைந்தார். நூல் ஒன்பது நாள் கழித்தே வெளிவந்தது.

அப்போது அவர் மகனுக்கு வயது இரண்டு. அச்சகம் சில ஆண்டுகளில் கைமாறிற்று, இதழும் நின்றது. அம்மகனே பின்னர்த் திரைப்பட இயக்குநராய் உலகறிந்த சத்தியசித் ராய். அவர் 1961இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கி, அதற்குத் தாமே கதை எழுதிப் படமும் வரைந்தார்.