பிணங்களுக்கு அடியில் உயிர் தப்பிய மாணவர்: ஜப்பான் டைரக்டர் புக்காசாகுவின் கதை

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் சூலூர் இருக்கிறது. அங்கே உள்ள விமானத் தளம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. அன்று அந்தக் கடற்படைக்கு எதிரி, ஜப்பான்.

கொங்கு நாட்டு வயல்களில் குண்டு விழவில்லை. ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலைமேலேயே விழுந்தது. அந்தப் பிள்ளைகளில் உயிர் தப்பிய ஒருவர், பிற்காலத்தில் உலகம் அறிந்த சினிமா டைரக்டர் ஆனார். அவர் பெயர் கின்ஜி புக்காசாகு.

அவர் கடைசியாக எடுத்து முடித்த படம் ஜப்பானையே கலக்கியது. அதன் இரண்டாம் பாகமோ ரசிகர்களை ஏமாற்றியது. ஏன் அப்படி ஆனது? அதற்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பள்ளிக்கூடம் போய், தொழிற்சாலை வந்தது

புக்காசாகு 1930-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் மிட்டோ. ஜப்பானின் தலைநகரமான டோக்கியோவுக்கு வடகிழக்கில் உள்ள நகரம் அது.

அவர் வளர வளர, போரும் வளர்ந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஆள் இல்லை. "மாணவர்கள் வரட்டும்" என்றது அரசாங்கம். புக்காசாகுவும் அவரோடு படித்த பிள்ளைகளும் ஆயுதத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1945-ம் ஆண்டு ஜூலை மாதம். அவருக்கு அப்போதுதான் 15 வயது. அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அந்தக் கடற்கரைக்கு வந்தன. கடலில் நின்றபடியே பீரங்கியால் சுட்டன. தொழிற்சாலைப் பக்கம் குண்டுகள் வந்து விழுந்தன.

தப்பி ஓட வழி இல்லை. பிள்ளைகள் தரையில் விழுந்தார்கள். ஒருவர் உடம்புக்கு அடியில் ஒருவர் புகுந்துகொள்ளப் பார்த்தார்கள். மேலே கிடந்தவர் மாண்டார். அடியில் கிடந்தவர் பிழைத்தார். புக்காசாகு பிழைத்தார்.

குண்டு வீச்சு ஓய்ந்தது. ஆனால் வேலை ஓயவில்லை. செத்துப்போன நண்பர்களின் உடல்களை, பிழைத்த மாணவர்களே எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. கூடப் படித்தவனின் கையை, காலை, 15 வயதுப் பிள்ளை பொறுக்கி எடுத்தால் அவன் மனம் என்ன பாடுபடும்!

இரண்டு விஷயங்கள் அன்று அவர் நெஞ்சில் பதிந்தன. ஒன்று: உயிருக்கு ஆபத்து வந்தால், நல்ல நண்பன்கூட நண்பனையே கேடயமாகப் பிடிப்பான். மற்றொன்று: பிள்ளைகளை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள், பெரியவர்கள்.

அடுத்த மாதமே ஜப்பான் சரண் அடைந்தது. நாடு ஜெயிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள், இப்போது வேறு பேச்சுப் பேசினார்கள். அதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று அவருக்குப் புரிந்தது. அந்தக் கோபம் சாகும்வரை அவரை விடவில்லை.

டைரக்டர் ஆனார்

போருக்குப் பிறகு வெளிநாட்டுப் படங்கள் மீண்டும் ஜப்பானுக்கு வந்தன. புக்காசாகு அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தார். நிகோன் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலை படித்தார். 1953-ல் டோயே படக் கம்பெனியில் சேர்ந்தார். உதவி டைரக்டராகப் பல ஆண்டுகள் உழைத்து, 1961-ல் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கினார். 1965-ல் நடிகை சனாயே நகஹாராவை மணந்துகொண்டார்.

அமெரிக்கர்கள் "டோரா! டோரா! டோரா!" என்ற போர்ப் படத்தை எடுத்தார்கள். அதில் ஜப்பான் பகுதிகளை முதலில் எடுத்தவர் புகழ்பெற்ற அகிரா குரோசவா. அவர் விலக நேர்ந்ததும், அந்த வேலை புக்காசாகுவிடமும் இன்னொரு டைரக்டரிடமும் வந்தது. 1970-ல் படம் வெளிவந்தது.

1972-ல் அவர் எடுத்த இன்னொரு படம், ஒரு விதவையின் கதை. போர்முனையில் கணவனைக் குற்றவாளி என்று சொந்தப் படையே கொன்றுவிடுகிறது. உண்மையில் நடந்தது என்ன என்று அந்தப் பெண் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கிறாள். போரின் பெயரால் சொல்லப்பட்ட பொய்களை உரித்துக் காட்டிய படம் அது.

1973-ல் ஹிரோஷிமா ரவுடிக் கூட்டங்களின் கதையைப் படமாக்கினார். அதுவரை ஜப்பான் சினிமாவில் ரவுடி என்றால் மானம், நியாயம் பேசும் வீரன். புக்காசாகுவின் ரவுடிகளோ பணத்துக்காக ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்தார்கள். கையில் பிடித்த காமிரா ஆடியது, ஓடியது. ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். 1974-க்குள் அந்தக் கதை ஐந்து படங்களாக வளர்ந்தது.

அவருக்கும் தோல்விகள் உண்டு. 1980-ல் பெரும் பொருட்செலவில் எடுத்த ஒரு படம், போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் 1982-ல், சினிமாச் சண்டைக்காரர் ஒருவர் உயரமான படிக்கட்டிலிருந்து உருண்டு விழும் கதையை எடுத்து, ஜப்பானின் சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றார்.

42 மாணவர்கள், ஒரு தீவு

2000-ம் ஆண்டு. புக்காசாகுவுக்கு வயது 70. அப்போது அவர் எடுத்த படம்தான் "பேட்டில் ராயல்". கௌஷுன் டகாமி என்ற எழுத்தாளர் 1999-ல் வெளியிட்ட நாவல்தான் கதை. திரைக்கதை எழுதியவர், புக்காசாகுவின் மகன் கென்டா.

ஒரு வகுப்பு மாணவர்கள் 42 பேரை அரசாங்கம் ஒரு தீவில் கொண்டுபோய் விடுகிறது. கழுத்தில் வெடிக்கும் பட்டை. கெடு மூன்று நாள். ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். கடைசியில் ஒருவர் மட்டும்தான் உயிரோடு இருக்கலாம். ஒருவனுக்குத் துப்பாக்கி தருகிறார்கள். இன்னொருவனுக்கு வெறும் பாத்திர மூடி!

சிறு பிள்ளைகள் பார்க்கக்கூடிய படம் அல்ல இது. ஜப்பான் பார்லிமெண்டிலேயே இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 15 வயது ஆகாதவர்கள் பார்க்கக் கூடாது என்று தடை வந்தது. புக்காசாகு வருந்தினார். அந்த வயதுப் பிள்ளைகளை நினைத்துத்தானே அவர் படம் எடுத்தார்!

படத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முகம் இருந்தது. சிலர் காதலைச் சொல்லிவிட்டுச் செத்தார்கள். சிலர் கொல்ல மாட்டோம் என்று உயிரை விட்டார்கள். நல்ல தோழிகள் ஒரே ஒரு சந்தேகத்தால் சுட்டுக்கொண்டார்கள். ஆயுதத் தொழிற்சாலையில் 1945-ல் கண்டதை அந்த முதியவர் திரையில் கொண்டுவந்தார். படம் பெரும் வெற்றி பெற்றது.

மகன் தலையில் விழுந்த பொறுப்பு

இரண்டாம் பாகத்துக்கு ஏற்பாடு நடந்தது. அதற்குள் புக்காசாகுவைப் புற்றுநோய் பிடித்துவிட்டது. நோய் எலும்புக்கும் பரவியது. அதை அவர் மறைக்கவில்லை. 2002-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். சாவதற்குள் படத்தை எடுக்க வேண்டும் என்று துடித்தார். டிசம்பரில் படப்பிடிப்புக்கு வந்தார். ஒரே ஒரு காட்சிதான் எடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2003-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, 72-வது வயதில் காலமானார்.

தந்தை விட்ட வேலையை மகன் கென்டா ஏற்றார். அவருக்கு அப்போது 30 வயது. அதற்கு முன் ஒரு படம்கூட டைரக்டு செய்ததில்லை. தந்தை இறந்த துக்கம் ஒரு பக்கம். படத்தை முடிக்க வேண்டிய பொறுப்பு மறு பக்கம். எப்படியோ முடித்தார். அதே ஆண்டு ஜூலையில் படம் திரைக்கு வந்தது.

முதல் பாகத்தில் தப்பியவன் இப்போது புரட்சிக்காரன். அவனைக் கொல்ல வேறொரு வகுப்பு மாணவர்களை அனுப்புகிறார்கள். ஒரு பையனுக்கு ஒரு பெண் ஜோடி. ஒருவர் செத்தால், மற்றவர் கழுத்துப் பட்டையும் வெடிக்கும்.

கதை கேட்க விறுவிறுப்புத்தான். படம் அப்படி இல்லை. தீவின் கரையில் இறங்கியதுமே பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அவர்களின் பெயர் மனதில் பதிவதற்குள் பிணமாகிவிடுகிறார்கள். பிறகு நெடுநேரம் துப்பாக்கிச் சத்தம். உலகப் போர்களைப் பற்றி நீண்ட பேச்சு. முதல் படத்தைப் பார்த்து நடுங்கியவர்கள், இதைப் பார்த்துச் சலித்துப் போனார்கள். விமர்சகர்களும் குறை கூறினார்கள்.

கென்டா உழைக்காமல் இல்லை. தந்தையின் கதை இருந்தது. பணம் இருந்தது. ஆனால் 1945 ஜூலையில் தந்தை பட்ட பாட்டை மகன் பட்டதில்லை. ஒரு பிள்ளை சாகிறது என்றால், அது பெயர் உள்ள பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை என்று தந்தைக்குத் தெரியும்.

கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் நெசவு தெரியாத வீடு குறைவு. அப்பன் பாவு ஏற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடினால், மகன் உட்கார்ந்து நெய்து முடிக்கலாம். தறி அதே தறி. நூலும் அதே நூல். ஆனால் அடித்தது வேறு கை என்பதைத் துணியைத் தொட்டதுமே ஊர் சொல்லிவிடும்.

புக்காசாகு சுமார் 60 படங்கள் எடுத்தார். 70 வயதிலும் அவர் கேட்டது 15 வயதில் கேட்ட கேள்விதான். பிள்ளைகள் கையில் ஆயுதத்தைக் கொடுப்பது யார்? பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.