முப்பது வயதில் மழலை பேசிய முனிவர்



தாய்மொழியை நாம் யாரும் பாடமாகப் படித்ததில்லை. மடியில் கிடந்து கேட்டோம். தப்பும் தவறுமாகப் பேசினோம். வீட்டார் சிரித்துத் திருத்தினார்கள். வளர்ந்தவருக்கோ வேற்றுமொழி எளிதில் வருவதில்லை. நாக்கும் வளையாது, வெட்கமும் விடாது. இவ்விரண்டையும் வென்ற ஒரு குருவை நினைவுகூர்வோம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் பிறந்தார். 1698 இல் இயேசு சபையில் சேர்ந்து, குருவாகி, 1710 இல் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு தமிழகத்தில் கால் வைத்தபோது அவருக்கு வயது முப்பது. தமிழிலோ அவர் கைக்குழந்தை. தைரியநாதர் என்று பெயர் பூண்டு, ஊராரிடம் பேச்சையும் புலவர்களிடம் செய்யுளையும் பயின்றார்.

ஏட்டுத் தமிழ் மட்டும் அறிந்தவர் சந்தையில் ஊமை. பேச்சு மட்டும் அறிந்தவர் புலவர் அவையில் ஊமை என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அவரோடு மறைவாதம் புரிந்த லூத்தரன் சபையாரே அதன் பயன் கண்டு, 1738 இல் தரங்கம்பாடியில் அச்சிட்டனர். செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் தந்தார். பொருள் தேடுவோருக்கு 1732 இல் சதுரகராதி தந்தார். ஓலையில் புள்ளி விடுபட்டால் எகரம் குறிலா நெடிலா என்று படிப்பவர் திகைப்பார். அதற்கு எழுத்து வடிவையே திருத்தினார். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். வீரமாமுனிவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. நமக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம் அவர் எழுப்பியதே. 1747 இல் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார்.

குருமடத்துச் செந்தமிழோடு அடியேன் கல்வராயன் மலையில் முதல் மறையுரை ஆற்றிய நாள் நினைவுக்கு வருகிறது. பூசை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, நான் என்ன சொன்னேன் என்று வெகுளியாகக் கேட்டார். அன்றுதான் நானும் கேட்கத் தொடங்கினேன்.

மலையிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நம்மில் சிலர் நகைக்கிறோம். அது பிழையன்று, அவர்கள் தாய் தந்த செல்வம். பள்ளித் தமிழும் ஆங்கிலமும் அதன்மேல்தான் ஏறி நிற்க வேண்டும். நகைத்தால் பிள்ளை வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளை எந்த மொழியும் கற்காது. அப்பிள்ளைகளைப் பேசவிட்டுப் பொறுமையோடு கேட்போம். முனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகட்டும்.