மருத்துவர் கார்ட்டர்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் மதிலையும் நெற்களஞ்சியங்களையும் கண்டு வியப்பர். தேசிங்கு ராசனின் வீரத்தை நினைந்து உருகுவர். மதிலுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் செம்மண் நிலத்தை நோக்குவோர் சிலரே. அங்கே மணிலாக் கொல்லையில் களை பறிப்போரும், பாறைச் சரிவில் ஆடு மேய்ப்போரும், விறகு சுமப்போரும் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலுடன் நடந்து வந்தனர். காலில் வேலமுள் தைத்தால் மற்றொரு முள்ளால் அதனைக் களைந்து எறிந்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வர்.

இத்தகைய வறண்ட முட்காட்டு நாடுகளில் அச்சிறு முள் சிற்சில வேளைகளில் ஒருவனது காலையே கவர்ந்துகொள்வதுண்டு. முள்ளோடும் மண்ணோடும் கலந்து உடலிற் புகும் நுண்ணிய பூசணம் தோலுக்கடியில் மெல்ல வளரும். பல திங்களோ, ஆண்டுகளோ கழிந்தபின் பாதத்தில் ஒரு வீக்கம் தோன்றும். அதில் வலி மிகுதியாக இராது. கொடுமை என்னவெனில், வலி இன்மையால் உழவன் அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதே. பின்னர் வீக்கம் பல இடங்களில் உடைந்து, புழைகளின் வழியே சீழும், வெடிமருந்துத் தூளை ஒத்த கரிய மணிகளும் வெளிப்படும். சிலருக்கு அம்மணிகள் வெண்மையாகவோ செம்மையாகவோ இருத்தலும் உண்டு. நோய் முற்றினால் எலும்பும் அரிக்கப்படும். கறையான் புற்றுப்போல் கால் புழைபட்டுக் கிடப்பதால் வடமொழியாளர் இதனைப் பாதவன்மீகம் என்றனர்; வன்மீகமாவது புற்று.

1842-ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர் இந்நோயைக் குறித்து எழுதினார். அதுமுதல் ஆங்கில மருத்துவ உலகில் இதற்கு மதுரைக் கால் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் விளங்கவில்லை. அக்காரணத்தைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர்.

கார்ட்டர் 1831-இல் இங்கிலாந்தில் ஹல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஓவியர். தந்தையின் கைத்திறன் மைந்தனுக்கும் வாய்த்தது. எனினும் அவர் கற்றது மருத்துவம். இலண்டனில் பயின்று பணியாற்றிய காலத்தில், ஹென்றி கிரே என்பார் இயற்றிய உடற்கூற்று நூலுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வரைந்தளித்தார். 1858-இல் வெளிவந்த அந்நூல் இன்றளவும் புதுக்கப்பெற்று மருத்துவ மாணவரிடையே வழங்கி வருகின்றது. ஆயினும் அது கிரேயின் நூல் என்றே அழைக்கப்படுகின்றது. படங்களின்றேல் அந்நூலுக்கு இத்துணைப் பெருமை வந்திராது என்பது அதனைப் புரட்டிப் பார்த்தோர் எவரும் அறிவர்.

அவ்வாண்டிலேயே கார்ட்டர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய்க்கு வந்தார். கிராண்டு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அங்கேதான் வீங்கிப் புழைபட்ட கால்கள் அவருடைய கண்ணுக்கு இலக்காயின. நோயுற்ற காலை வெட்டியெறிவதோடு அக்கால மருத்துவம் பெரும்பாலும் நின்றுவிடும். கார்ட்டரோ வெட்டுண்ட பாதத்தைப் பிளந்து, அக்கரிய மணிகளைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்காடியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். அவற்றுள் கிளைத்துப் பின்னிய நுண்ணிழைகளைக் கண்டார். அவை பூசணத்தின் இழைகள் எனத் தெளிந்து, 1860-ஆம் ஆண்டு முதல் தம் கருத்தை வெளியிட்டார். பூசணக் கட்டி எனப் பொருள்படும் மைசிடோமா என்ற பெயரை இந்நோய்க்கு இட்டவரும் அவரே. நோய்க்கிருமிகளைப் பற்றிய கொள்கை உலகில் வேரூன்றாத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஒருவர் கண்ட சில நோயாளிகளைக் கொண்டு ஒரு நாட்டின் நோயை அறிதல் இயலாது. ஆதலின் இந்தியாவின் பல பகுதிகளினின்றும் செய்திகளையும் மாதிரிகளையும் அவர் திரட்டினார். இவையனைத்தையும் தொகுத்து 1874-இல் தனி நூலாக வெளியிட்டார். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுவதன்று. மண்ணிலும் முள்ளிலும் உறைந்து, அங்கு வெறுங்காலுடன் உழைப்போரைத் தனித்தனியே பற்றுவது. ஒரே வட்டாரத்தில் பலர் நோயுறுவதற்கு அவர்தம் தொழிலும் வறுமையுமே காரணமாகும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் நன்கு விளக்கின.

கார்ட்டரின் கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. கல்கத்தாவைச் சார்ந்த லூயிஸ், கன்னிங்காம் என்னும் மருத்துவர் இருவர் 1875-இல் அதனை ஐயுற்று எழுதினர். அவ்வையத்திற்கு இடமும் இருந்தது. மாதிரியில் வளர்ந்த செந்நிறப் பூசணம் ஒன்றினைப் பெர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து, கார்ட்டரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். அதுவே நோயின் காரணம் என்றும் கருதப்பட்டது. அஃது இடையில் வந்து படிந்த வேறொரு பூசணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. மேலும், வெண்மையும் செம்மையுமான மணிகளுட் பல பூசணத்தால் அல்லாமல், இழைபோல் வளரும் பாக்டீரியாக்களால் உண்டாவன. 1894-இல் வின்சென்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அத்தகைய ஒன்றைக் கண்டறிந்தார். இவ்வேறுபாடு சிறிதன்று. பாக்டீரியாவால் வருவது மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். பூசணத்தால் வருவதற்கு நெடுங்காலம் மருந்துண்ண நேரும், அறுவையும் வேண்டப்படலாம். எனினும் கரிய மணிகளைப் பற்றிக் கார்ட்டர் கண்ட உண்மை நிலைபெற்றது.

அவர் தொழுநோயையும், பம்பாயில் பஞ்ச காலத்தில் பரவிய மீள்காய்ச்சலையும் ஆராய்ந்தார். 1888-இல் பணியினின்று விலகித் தாயகம் திரும்பி, 1897-இல் ஸ்கார்பரோ நகரில் காலமானார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2016-ஆம் ஆண்டில்தான் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கார்ட்டரின் பெயர் தாங்கிய செந்நிறப் பூசணத்தை இன்று எவரும் இந்நோயோடு சேர்த்துப் பேசுவதில்லை. கரிய மணிகளை உண்டாக்கும் பூசணத்திற்கு மதுரை நகரின் பெயரால் மதுரெல்லா என்று புருன்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1905-இல் இட்ட பெயரே வழங்கி வருகின்றது.