உலகத்துச் செடிகளுக்குப் பெயர் வைத்தவர்

சுவீடன் நாட்டில் ரோஷுல்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே பாதிரியாராக இருந்தவர் நில்ஸ் லின்னேயஸ். குடியானவர் வீட்டுப் பிள்ளை. குடும்பப் பெயர் கிடையாது. மேல்படிப்புக்குப் போனபோது ஒரு பெயர் தேவைப்பட்டது. சொந்த நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து, லத்தீன் மொழியில் லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். படித்தவர்களுக்கு அக்காலத்தில் லத்தீன் பெயர்தான் கௌரவம்.

1707-ம் ஆண்டு அவருக்கு மூத்த மகன் பிறந்தான். பெயர் கார்ல்.

தகப்பனாருக்குத் தோட்டம் என்றால் உயிர். பையனுக்கும் அதே பைத்தியம். ஒவ்வொரு செடியையும் காட்டிப் பெயர் கேட்பான். சொன்னால் மறந்துவிடுவான். மறுபடியும் கேட்பான். இனி மறந்தால் ஒரு பெயரும் சொல்லமாட்டேன் என்று தகப்பனார் கண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு பையன் மறக்கவில்லை. லத்தீனையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

தையல் வேலையா, செருப்பு வேலையா?

மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது பெற்றோர் ஆசை. அவனோ பாடத்தை விட்டுவிட்டுச் செடி தேடி அலைந்தான். இவனுக்குப் படிப்பு ஏறாது, தையல்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ தொழில் பழக விடுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். தகப்பனார் மனம் உடைந்து போனார்.

நல்ல வேளையாக, டாக்டர் ரோத்மன் குறுக்கே வந்தார். பாதிரியார் ஆகாவிட்டால் என்ன, வைத்தியர் ஆகட்டும் என்று தம் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொன்னார். இந்த மனிதர் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கையில் காசில்லை. கிழிந்த பூட்சுக்குள் காகிதத்தை வைத்துக்கொண்டு நடந்தார். 1735-ல் ஹாலந்துக்குப் போனார். டச்சு மொழி தெரியாது. பிறகு இங்கிலாந்து, பிரான்சு. அந்த மொழிகளும் கைகொடுக்கவில்லை. லத்தீன் ஒன்றைக் கொண்டே அறிஞர்களோடு பேசினார், புத்தகம் எழுதினார், டாக்டர் பட்டமும் வாங்கினார்!

லத்தீன், பழைய ரோமாபுரி மக்களின் மொழி. ரோமாபுரியின் ஆட்சி போனபின், பேச்சு லத்தீன் நாளடைவில் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று கிளை பிரிந்துவிட்டது. மாதா கோவிலிலும் பல்கலைக்கழகத்திலும் மட்டும் பழைய லத்தீன் நிலைத்தது. யாருக்கும் அது தாய்மொழி இல்லை. ஆகவே யாருக்கும் பொறாமையும் இல்லை.

இரண்டே சொல்

அப்போது செடிகளுக்கு லத்தீனில் பெயர் இருந்தது. ஆனால் எவ்வளவு நீளம்! தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். முள் இல்லாத மெல்லிய தண்டும், சிறகு போலப் பிரிந்து வெட்டுப்பட்ட இலையும் உடைய சொலானம் என்று ஒரு வாக்கியமே சொல்லவேண்டும். கறிகாய்க் கடையில் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்?

லின்னேயஸ் அதைச் சொலானம் லைகோபெர்சிக்கம் என்று இரண்டு சொல்லில் அடக்கினார். முதல் சொல் இனம், அடுத்தது வகை. 1753-ல் வந்த புத்தகத்தில் ஏறக்குறைய 6 ஆயிரம் செடிகளுக்கு இப்படிப் பெயர் தந்தார். 1758-ல் விலங்குகளுக்கும் கொடுத்தார். மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ், அதாவது அறிவுள்ள மனிதன் என்று பெயர். பொருத்தம்தானா என்பது வேறு விஷயம்!

அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மலையாளக் கரைச் செடிகளைப் பற்றி டச்சுக்காரர்கள் லத்தீனில் அச்சிட்ட 12 பாகப் புத்தகம் அவருக்கு உதவியது.

கடைசிக் காலம் பரிதாபமானது. 1774-லும் 1776-லும் பக்கவாதம் தாக்கியது. நினைவு போய்விட்டது. தாம் எழுதிய புத்தகங்களையே புரட்டிப் பார்த்து வியப்பார். எழுதியவர் தாமே என்பது தெரியாது. 1778-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

புதிதாக ஒரு செடியைக் கண்டுபிடித்தால் அதன் வர்ணனையை லத்தீனில்தான் எழுதவேண்டும் என்ற விதி 2011-ம் ஆண்டு வரை இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். பெயர் மட்டும் இன்றும் லத்தீன் முறையில்தான் இருக்கவேண்டும். நம் மாமரம் மாஞ்சிபெரா இண்டிகா. புளியமரம் டமரிண்டஸ் இண்டிகா. இரண்டும் லின்னேயஸ் வைத்தவை. தாவரப் புத்தகங்களில் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் எல் என்ற ஒற்றை எழுத்து இருக்கும். அது அவரைக் குறிப்பது.