ஒரே நாளில் வீடு கட்டிக் காட்டிய ஜி.டி.நாயுடு... அந்த வேகம் ஏன் சாமானியர் வாசலுக்கு வரலை?

கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம். 10.1 கி.மீ. நீளமுள்ள அந்த மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். மோட்டார், ரேஸர், கார் என அவருடைய கதைகளை நீங்க நிறைய கேட்டிருப்பீங்க. அவர் வீடும் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் ஒரே நாளில்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

1893 மார்ச் 23-ம் தேதி, கோவை பக்கத்தில் இருக்கும் கலங்கல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். படிப்பில் மனசு ஒட்டலை, பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுட்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான், தூக்கம் போச்சு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், வண்டியைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டியது.

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சி - பழனி ரூட். ஓட்டுநரும் அவரே. அதுதான் பின்னாடி யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமல் வண்டி ஓடணும் என்பதில் மனுஷன் கறாரானவர். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, வீட்டுக் கதைக்கும் இது தேவைப்படும்.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரிப்பு. இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஏற்றத்தின் இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது ஊரறிந்த கதை.

விலைதான் அவர் குறி

அவர் கண்டுபிடிப்புகளைப் பட்டியல் போடுபவர்கள் பலரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. புதுசா செய்யணும் என்பதைவிட, மலிவா செய்யணும் என்பதில்தான் அவருக்கு வெறி. 1941-ல், 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல், 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் செய்தார். கார் ஓடுச்சு, லைசென்ஸ் ஓடலை. அரசு அனுமதி கிடைக்காமல் தயாரிப்பு நின்றுபோனது. வரிக் கொள்கை மீது வந்த கோபத்தில், தன் கண்டுபிடிப்புகளைத் தானே உடைத்துக் காட்டியவர் அவர்.

இதே பிடிவாதத்தைத்தான் வீட்டிலும் காட்டினார். அஸ்திவாரத்தில் தொடங்கி, 11 மணி நேரத்துக்குள் ஒரு முழு வீட்டையே எழுப்பினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

ஒரே நாளில் எப்படிச் சாத்தியம்?

கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் உடனே சிரிப்பாங்க. கடைக்கால் போட்டு, சுவர் எழுப்பி, சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டால் அது இறுகவே நாள் கணக்கில் தண்ணி விடணுமே? நியாயமான கேள்விதான். பொதுவா, இவ்வளவு வேகமா வீடு எழும்பணும்னா வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்னாடியே முடிந்திருக்கணும். கதவு, ஜன்னல், கூரைக்கான பாகங்கள் எல்லாம் அளவெடுத்துத் தயாரா இருக்கணும். ஒரு ஆள் முடிச்ச பிறகு அடுத்த ஆள் என்று காத்திருக்காமல், எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் இடத்தில் நிற்கணும். பஸ் டைம் டேபிள் மாதிரி.

வேகத்துக்கும் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சொந்தமா வீடு கட்டியவங்களுக்குத் தெரியும். ஜல்லி வரலைன்னு ஒரு நாள், மேஸ்திரி வரலைன்னு ரெண்டு நாள். வேலை ஆறு மாசம் இழுத்தால் ஆறு மாச வட்டி. குடியிருக்கும் வீட்டுக்கு ஆறு மாச வாடகை. மெதுவா கட்டுகிற வீடு ஏழைக்குத்தான் அதிக விலை.

பிரிவினை அகதிகளுக்கு வீடு கொடுக்க மத்திய அரசும் டெல்லியில் ஒரு ஃபேக்டரியே அமைத்து, முன்கூட்டியே வார்த்த பலகைகளால் வீடு செய்யப் பார்த்தது. பலகைகள் சரியா வராமல் அந்த முதல் முயற்சி தடுமாறியது.

அப்புறம் ஏன் பரவலை?

வீட்டின் விலை சுவரில் மட்டும் இல்லை என்பதுதான் காரணம். நிலம் வேணும், பட்டா வேணும், பிளான் அப்ரூவல் வேணும், கடன் கொடுக்க பேங்க் வேணும். இதில் எதையும் ஒரு பட்டறையில் செய்துவிட முடியாது. ரேடியோவை எங்கே வேணாலும் வச்சுக்கலாம், வீட்டுக்கு இடம் வேணும். நாயுடு திறமையாகத் தீர்த்தது பிரச்னையின் பாதியை. மீதிப் பாதி அவர் கையில் இல்லை.

இன்றைய நிலையைப் பாருங்க. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகப் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது அரசு. ஆனால் வீடு கட்ட சொந்த இடம் இருக்கணும். கோவை நகருக்குள் அரை சென்ட் கூட இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிதான் வழி. உக்கடம் பகுதிக் குளக்கரைகளில் இருந்த குடும்பங்களுக்குக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் வாரியக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. வீடு ஊருக்கு வெளியே, வேலையோ டவுனுக்குள்ளே.

கடைசிக் காலம்

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடி நிர்வாகத்தில் இருந்து விலகி, தொழிலாளர் நலனுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உதவித் திட்டங்களை அறிவித்தார் நாயுடு. மறு வருஷமே, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கினார். அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று இன்றும் கண்டக்டர் கூவும் ஸ்டாப் அப்படி வந்ததுதான். அதோடு பிறந்த பொறியியல் கல்லூரிதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நாலு வருஷப் படிப்பை ரெண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்று அங்கேயும் வாதாடினார். அரசு ஏற்கலை, பொறுப்பில் இருந்து விலகிவிட்டார்.

1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். அவர் சேர்த்த கருவிகளும் செய்த பொருட்களும் அவிநாசி ரோட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாலத்துக்கு மேலே போனால் அது கண்ணில் படாது, கீழ் ரோட்டில்தான் போகணும்.