செவிக்குள் ஒரு துலாக்கோல்

கண்களை மூடிக்கொண்டு மின்தூக்கியில் நின்று பாருங்கள். அது மேலெழத் தொடங்குவதைக் காணாமலே உணர்வீர்கள். பேருந்து வளைவில் திரும்புவதையும் அவ்வாறே அறிவீர்கள். இவ்வுணர்வைத் தருவதில் நம் செவிக்குப் பெரும் பங்கு உண்டு. செவியின் இப்பணியைச் சோதித்தறிய மருத்துவ உலகிற்கு வழிகாட்டியவர் இராபர்ட் பாரானி.

பாரானி 1876ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தார். இளமையில் எலும்பைத் தாக்கிய காசநோயால் அவருடைய முழங்கால் ஒன்று மடங்காமற் போயிற்று. ஆயினும் மலையேறுவதை அவர் கைவிடவில்லை. மருத்துவம் பயின்று, வியன்னாவிலேயே காது மருத்துவரானார்.

நோயாளிகளின் காதை அவர் நீர் பீய்ச்சிக் கழுவுவது வழக்கம். அப்போது சிலருக்குத் தலை சுற்றியது. அவர்களுடைய கண்கள் தாமாகவே பக்கவாட்டில் துடித்தன. நீர் போதிய சூடின்றி இருந்தால்தான் தலை சுற்றுகிறது என்று ஒரு நோயாளி குறைப்பட்டார். பாரானி அதனைப் புறந்தள்ளவில்லை. சூடு மிகுந்த நீரைப் பயன்படுத்தியபோதும் தலை சுற்றியது. ஆனால் கண்கள் எதிர்த்திசையில் துடித்தன! உடலின் வெப்பமே கொண்ட நீரால் எத்தொல்லையும் விளையவில்லை.

காரணம் என்ன? உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. தலை எத்திசையில் திரும்பினாலும் அவற்றுள்ளிருக்கும் நீர்மம் சற்றே பின்தங்கும். அதனால் நுண்மயிர்கள் வளைந்து, மூளைக்குச் செய்தி செல்லும். அருகிலுள்ள இரு சிறு பைகள் தலையின் சாய்வையும் நேர்கோட்டு இயக்கத்தையும் உணர்த்தும். அடுப்பிலேற்றிய நீரில் சூடான பகுதி மேலெழுவதுபோல, வெப்ப வேறுபாட்டால் குழலின் நீர்மமும் அசைகிறது எனப் பாரானி உய்த்துணர்ந்தார். தலை அசையாதிருந்தும் சுழல்வதாக மூளை மயங்குகிறது. இவ்வெளிய சோதனையால், உட்செவி பழுதுற்றதா என அறிய வழி பிறந்தது.

முதல் உலகப்போரில் பாரானி படை மருத்துவராகத் தாமே முன்வந்தார். 1915இல் உருசியரிடம் போர்க்கைதியானார். நடு ஆசியாவிலுள்ள மெர்வ் நகர முகாமில் மலேரியாவால் வருந்தினார். அந்நிலையிலும் இருநாட்டு நோயாளிகளுக்கும் மருத்துவம் செய்தார். அவருக்கு 1914ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு கிடைத்த செய்தி அங்கேதான் எட்டியது. சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலை பெற்று, ஸ்டாக்ஹோம் சென்று பரிசை ஏற்றார். பின்னர்ச் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1936இல் மறைந்தார்.

சுழலும் நாற்காலியைக் கொண்டும் அவர் ஆய்வு செய்தார். அவர் பெயர் தாங்கிய அந்நாற்காலியில் விமானிகளும் பயிற்சி பெறுகின்றனர். கண்ணைக் கட்டி ஒரே சீராகச் சுழற்றினால், சற்று நேரத்தில் சுழற்சியே நின்றுவிட்டதாகத் தோன்றும். நாற்காலி நின்றதும் எதிர்த்திசையில் சுழல்வதாகத் தோன்றும். ஆகவே, மேகத்தினுள் பறக்கும் விமானி தம் உணர்வை மட்டும் நம்பாமல் கருவிகளை நோக்கக் கற்கிறார்.

பலரும் பொருட்படுத்தாது விடும் ஒரு சிறு முறையீட்டுக்குப் பாரானி செவிசாய்த்தார். அதனால் செவியின் மறைந்திருந்த பணி ஒன்று வெளிச்சத்திற்கு வந்தது.

சிந்தித்து எழுதுக:
1. இராட்டினத்திலிருந்து இறங்கிய பின்னும் தலை சுற்றுவது ஏன்?
2. நோயாளியின் குறையைப் பாரானி புறந்தள்ளியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?