நாணல் பூவுக்காக ஓராண்டு காத்திருந்தவர்



நம்ம திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியா தினமும் எத்தனை ரயில் போகுது! கும்மிடிப்பூண்டி லோக்கல், நிலக்கரி ஏத்திக்கிட்டு வர்ற கூட்ஸ் வண்டி, ராத்திரியில ஹவுரா மெயில். கேட்டுக் கேட்டுப் பழகி, அந்தச் சத்தமே நம்ம காதில் விழுவதில்லை. அந்த ஹவுரா மெயில் போய்ச் சேரும் வங்காளத்தில், ஓடும் ரயிலை நாணல் பூக்களுக்கு நடுவே படம் பிடிக்க ஓர் ஆண்டு காத்திருந்த ஒருவர் இருந்தார். அவர்தான் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே.

இளமைக் காலம்

ரே 1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் அச்சகம் வைத்திருந்தார். 1913-இல் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்பா சுகுமார் ரே வேடிக்கைப் பாட்டு எழுதுவதில் பெயர் பெற்றவர். ஆனால் ரேவுக்கு இரண்டு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மா சுப்ரபா மகனைக் கூட்டிக்கொண்டு தம் பிறந்த வீட்டாரிடம் போனார். வேலை செய்து மகனைப் படிக்க வைத்தார்.

சாந்திநிகேதனில் ஓவியம் படித்த ரே, 1943-இல் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 80 ரூபாய். அப்போது 'பதேர் பாஞ்சாலி' என்ற நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் வேலை வந்தது. பிபூதிபூஷண் எழுதிய கதை அது. ஒரு ஏழைக் குடும்பத்தின் அக்கா துர்கா, தம்பி அப்பு பற்றியது. வரையும்போதே இதைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்ற ஆசை ரேவுக்கு வந்துவிட்டது.

மாடு தின்ற காட்சி

குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறும். வங்காளத்தில் அப்படி இல்லை. அந்தச் சமயத்தில் அங்கே நாணல்தான் வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்த வெள்ளைக் காட்டுக்குள் அக்காவும் தம்பியும் ஓடிப்போய் ரயில் பார்க்க வேண்டும். இதுதான் ரே எடுக்க நினைத்த முதல் காட்சி.

1952 அக்டோபர் 27 அன்று பால்சிட் என்ற ஊர்ப் பக்கம் படப்பிடிப்பு தொடங்கியது. ரே அதற்கு முன் படம் எடுத்ததே இல்லை. கேமரா பிடித்த சுப்ரதா மித்ராவும் இளைஞர்தான். அவருக்கும் சினிமா கேமரா புதிது. வேலையை விட முடியாததால் ரே லீவு நாளில் மட்டுமே படம் எடுத்தார். முதல் நாள் பாதிக் காட்சிதான் முடிந்தது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு பூவும் இல்லை! மாடுகள் அத்தனையையும் தின்றுவிட்டன!

வேறு இடத்தில் எப்படியோ எடுத்து ஒட்டியிருக்கலாம். ரே அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு நாணல் மறுபடி பூக்கும்வரை காத்திருந்தார்.

கரும்புகையும் வெள்ளைப் பூவும்

ஓடும் ரயிலைப் படம் பிடிப்பது லேசான வேலை இல்லை. சரியாக வரவில்லை என்றால், திரும்பி வா என்று ரயிலைக் கூப்பிட முடியுமா? அதனால் ஒரே ரயிலை நம்பாமல், ரயில் நேரம் பார்த்து வைத்துக்கொண்டு வேறு வேறு ரயில்களை எடுத்துச் சேர்த்தார்கள். வெள்ளைப் பூவுக்கு மேலே கரும்புகை தெரிய வேண்டும் என்பது ரேவின் எண்ணம். அதற்காகக் குழுவைச் சேர்ந்த ஒருவர் முன்னாலேயே இன்ஜினில் ஏறிக்கொண்டார். இடம் நெருங்கியதும் கரியை அள்ளிப் போடச் சொன்னார். குபுகுபுவென்று புகை வந்தது.

படத்தில் அப்பு ரயிலைக் கிட்டத்தில் பார்த்துவிடுகிறான். துர்கா தடுக்கி விழுந்து பின்தங்கிவிடுகிறாள். பிறகு மழையில் நனைந்து காய்ச்சல் வந்து அவள் இறந்துவிடுகிறாள். அவளும் நம்மைப் போன்ற பெண்தான். 1856 ஜூலை 1 அன்று நம்ம ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டபோது, நம்ம கொள்ளுத்தாத்தாக்களின் தாத்தாக்களும் அப்பு மாதிரிதான் வாயைப் பிளந்து பார்த்திருப்பாங்க.

பணம் தீர்ந்தது

நடுவில் பணம் தீர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசி போனது, ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகள் போயின, மனைவி பிஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. மாதக்கணக்கில் வேலை நின்றது. நடிக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டால்? பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு 80 வயது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கவலைகளோடுதான் ரே காத்திருந்தார். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 1955-இல் படம் வெளிவந்தது. 1956-இல் பிரான்சில் கான் விழாவில் பரிசு பெற்றது.

புகழ் வந்த பிறகும் ரே குழந்தைகளை மறக்கவில்லை. நின்றுபோயிருந்த தாத்தாவின் 'சந்தேஷ்' பத்திரிகையை 1961-இல் மறுபடி தொடங்கி, அதில் கதை எழுதினார், படமும் வரைந்தார். 1992-இல் ஆஸ்கர் கௌரவ விருதும் பாரத ரத்னாவும் கிடைத்தன. அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று காலமானார்.

நண்பர்களே, நாம ஒரு படம் வரைய ஆரம்பிச்சு, கலர் பென்சில் தீர்ந்துபோச்சுன்னு பாதியில மூடி வைக்கிறோம். ரேவுக்குப் பணமும் தீர்ந்தது, பூவையும் மாடு தின்றது. அவர் நோட்டை மூடவில்லை. மூடியிருந்தால் துர்காவையும் அப்புவையும் உலகம் பார்த்திருக்காது. பாதியில் நிற்கும் நம்ம வேலையை இந்த வாரம் எடுத்து முடிப்போமா?



– 9-ஆம் வகுப்பு மாணவி